உங்களுக்குத் தெரியுமா? மன்னார்குடி பெட்டிக்கடை ஸ்பெஷல்!

மன்னார்குடி என்றதும் என்ன சொல்வீர்கள்? மதில் அழகு என்பீர்கள். ராஜகோபால சுவாமி என்பீர்கள். 23 ஏக்கர் ஹரித்ரா நதி தெப்பக்குளம் என்பீர்கள். நான் சொல்லப்போவது 24 சதுர அடி! ஆறுக்கு நாலு பெட்டிக்கடை. பீடி, சிகரெட், வெற்றிலை, வாழைப்பழம். முதலாளி, கேஷியர், வாட்ச்மேன் மூன்றும் ஒரே ஆள். அந்தத் தெப்பக்குளத்தின் பரப்பில் இப்படி எத்தனை கடை அடங்கும்? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 41,745!

(யாரும் குளத்தைத் தூர்க்கக் கிளம்பிவிட வேண்டாம். சும்மா கணக்குக்குத்தான்.)

தீப்பெட்டி வாங்காதவனுக்கும் இலவசமாக நெருப்பு கொடுத்த கடை எது தெரியுமா? பெட்டிக்கடைதான்! கடைக் காலில் தேங்காய்நார்க் கயிறு தொங்கும். நுனியில் கனல். பார்த்தால் அணைந்ததுபோல் சாம்பல் பூத்துக் கிடக்கும். பீடியை வாயில் வைத்துக் குனிந்து ஓர் இழுப்பு. கண் விழித்துக்கொள்ளும்! காலையில் கொளுத்தினால் கடை சாத்தும் வரை கனன்றுகொண்டே இருக்கும்.

கயிறு இல்லாத கடையில்? சின்னச் சிமினி விளக்கு. பக்கத்தில் ஒரு டப்பா நிறைய அட்டைக் கீற்று. காலியான சிகரெட் பெட்டியை வீணாக்காமல் கத்தரியால் நறுக்கி வைத்த கீற்று. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே நறுக்குவார். ஒரு பெட்டி மூடியில் எத்தனை வரும்? சின்ன வயதில் எண்ணியே பார்த்திருக்கிறேன். 11!

கத்தரி என்றதும் ஞாபகம் வருகிறது. புகையிலைக்கும் கத்தரிக்காய்க்கும் சொந்தம்! ஒரே தாவரக் குடும்பம். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் பங்காளிகள். ஒரு காலத்தில் நம் பெட்டிக்கடைகளில் சக்கைப்போடு போட்ட சிகரெட்டின் பெயர் 'சிஸர்ஸ்'. தமிழில் சொல்லுங்கள் பார்ப்போம். கத்தரி!

வெற்றிலைக்கு யார் சொந்தம்? மிளகு! இரண்டும் ஒரே குடும்பத்துக் கொடி. ஒன்று ரசத்துக்குப் போனது, ஒன்று தாம்பூலத்துக்கு வந்தது!

இலை பச்சை. சுண்ணாம்பு வெள்ளை. பாக்கு பழுப்பு. வாய் மட்டும் எப்படிச் சிவப்பு? பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. சாயம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது!

கவுளி தெரியுமா? எங்கள் பக்கம் 100 வெற்றிலை ஒரு கவுளி. மூன்று வெற்றிலை, ஒரு பாக்கு என்று கட்டினால் 33 செட். மீதி ஒன்று. அது யாருக்கு? கடைக்காரர் வாயைப் பாருங்கள்!

கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு 2025. ஆனால் நாம் முதல் ஆள் இல்லை. சோழவந்தானும் ஆத்தூரும் 2023-லேயே வாங்கிவிட்டன! காவிரி நீர் குடித்து வளர்ந்த இலை, க்யூவில் மூன்றாவது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜிஎஸ்டி வேடிக்கையைக் கேளுங்கள். வெற்றிலைக்கு வரி பூஜ்யம். பீடிக்கு 18 சதவீதம். சிகரெட்டுக்கு, 2026 பிப்ரவரி 1 முதல், 40 சதவீதம். மூன்றும் ஒரே பலகையில் ஒரு முழ இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன!

சிகரெட்டின் கலால் வரியை ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள் தெரியுமா? நிஜமாகவே! 65 மில்லிமீட்டர் வரை ஒரு வரி. 70 வரை ஒன்று. 75 வரை ஒன்று. அதற்கும் மேல் நீண்டால் இன்னொன்று. ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 ரூபாயில் தொடங்கி 8,500-இல் போய் நிற்கிறது!

சரி, இந்தக் கடையில் லாபம் எங்கே இருக்கிறது? சிகரெட்டில் என்றுதானே நினைத்தீர்கள்? எந்தக் கடைக்காரரை வேண்டுமானாலும் கேளுங்கள். சிரிப்பார். சிகரெட் ஆளை இழுத்து வரும். அவ்வளவுதான் அதன் வேலை. வந்தவன் தண்ணீர் பாக்கெட் எடுப்பான். வாய் நாற்றத்துக்கு ஒரு மிட்டாய் எடுப்பான். தாரிலிருந்து ஒரு பழத்தைத் திருகுவான். பையனுக்கு ஒரு கடலைமிட்டாய். புகை ஒன்று, துணைக்கு நாலு!

கம்பெனிச் சரக்கில் விலை அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் எடையளவுச் சட்டம் பாயும். ஆனால் வாழைத்தாரில் யார் விலை அச்சடித்தார்கள்? பூவன் பழத்துக்கு எம்.ஆர்.பி. கிடையாது!

அந்தக் கடலைமிட்டாய் சாதாரண ஆளா? கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லேயே புவிசார் குறியீடு. கும்பகோணம் வெற்றிலையைவிட 5 வருஷம் சீனியர்!

கோலி சோடா நம்முடையது என்று மார் தட்டுகிறீர்களா? அந்தப் பாட்டிலைக் கண்டுபிடித்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். காப்புரிமை ஆண்டு 1872! ஆனால் கட்டைவிரலை வைத்து 'டப்' என்று உடைக்கிற ஸ்டைல் மட்டும் நம்முடையது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போவண்டோ பிறந்த வருஷம்? 1958. அதை உருவாக்கிய காளிமார்க் கம்பெனி பிறந்தது 1916. விருதுநகரில்!

இவ்வளவு மெதுவாக விலை ஏறிய சாமான் ஏது தெரியுமா? தீப்பெட்டி! 1995-இல் 50 பைசா. 2007-இல் 1 ரூபாய். அப்படியே 14 வருஷம் அசையவில்லை. 2021 டிசம்பர் 1-இல்தான் 2 ரூபாய். உள்ளே குச்சியும் 36-லிருந்து 50 ஆனது!

சிவகாசிக்குத் தீக்குச்சி எப்படி வந்தது? 1922 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஊரே மாறிப்போனது. போனவர்கள் 2 பேர்!

லைட்டர் வந்து தீப்பெட்டியைச் சாப்பிட்டது. பிறகு சட்டம் வந்து லைட்டரைச் சாப்பிட்டது! 2023 ஜூனில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 20 ரூபாய்க்குக் குறைவான வெளிநாட்டு லைட்டரை இறக்குமதியே செய்யக் கூடாது!

பீடியை எடுத்துப் பாருங்கள். ஓர் இலை, ஒரு நூல், ஒரு சிட்டிகைத் தூள். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கத்துக் காட்டிலிருந்து வருகிறது. சுற்றுகிற கைகள் திருநெல்வேலிப் பெண்களுடையவை. கூலிக் கணக்கு ஒன்று இரண்டாக இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். ஆயிரம்!

'சொக்கலால் ராம்சேட்' பீடி. பெயரைக் கேட்டால் குஜராத், மார்வாடி என்று தோன்றும். கம்பெனி எங்கே இருக்கிறது தெரியுமா? தாமிரபரணிக் கரை முக்கூடலில்!

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் முதன்முதலாக 'இதை விற்காதே' என்று உத்தரவு போட்ட புகையிலைப் பொருள் எது? பெரிய பெரிய சிகரெட் கம்பெனிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. சிக்கியது நம்ம பீடி! ஆண்டு 2014.

பீடி இலையைக் கடல் வழியாகக் கடத்துகிறார்கள் என்றால் நம்புவீர்களா? ராமேஸ்வரம், தூத்துக்குடிக் கரையிலிருந்து இலங்கைக்கு! தங்கம் அந்தப் பக்கத்திலிருந்து வரும். இலை இந்தப் பக்கத்திலிருந்து போகும். பிடிபடுவதெல்லாம் மூட்டை மூட்டையாக!

ஆங்கில அகராதியைப் பிரியுங்கள். 'செரூட்' என்று ஒரு சொல் இருக்கும். மூலம் என்ன? நம்ம சுருட்டு! வெள்ளைக்காரன் புகையை ஊதிவிட்டுப் போய்விட்டான். சொல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது!

ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதை, ஒரு கொலை வழக்கு. வெளிவந்த வருஷம் 1887. தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்த சுருட்டு எதுவென்று சொல்லிவிடுவார். எந்த ஊர்ச் சுருட்டு? திருச்சிராப்பள்ளி! லண்டன் துப்பறிவாளருக்குத் துப்புக் கொடுத்தது நமக்கு நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர்! அவர் எத்தனை வகைப் புகையிலைச் சாம்பலைப் பிரித்துச் சொல்வாராம்? 140!

சுருட்டுக்கு இன்னொரு நிரந்தர வாடிக்கையாளர் உண்டு. முனீஸ்வரன்! எல்லைச் சாமிகளுக்குச் சுருட்டுப் படையல் போடாத கிராமத்தை டெல்டாவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வயது வரம்பு பொருந்தாத ஒரே ஆள் அவர்தான்!

காதலுக்கு அன்னத்தைத் தூது விட்டார்கள். மேகத்தை விட்டார்கள். கிளியை விட்டார்கள். புகையிலையைத் தூது விட்ட புலவர் ஒருவர் தமிழில் இருக்கிறார்! அதுவும் யாரிடம்? பழனி முருகனிடம்! நூலின் பெயர் புகையிலை விடு தூது. புலவர் பெயர் இன்னும் அருமை. சீனிச்சர்க்கரைப் புலவர்! அச்சேற்றியவர் யார்? நம்ம உத்தமதானபுரத்து உ.வே.சா.!

தி. ஜானகிராமன் எந்த ஊர்? மன்னார்குடிக்குப் பக்கத்துத் தேவங்குடி. பிறந்தது 1921. அவர் கதைகளில் வெற்றிலை போடாத தஞ்சாவூர்க்காரரைக் கண்டுபிடித்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். நான் தேடிக் களைத்துவிட்டேன்!

அறிஞர் அண்ணாவின் பொடிப் பழக்கம் நாடறிந்தது. பொடியை எதில் மடித்துக் கொடுத்தார்கள் தெரியுமா? காய்ந்த வாழைப்பட்டையில்! அதனால்தான் அதற்குப் பெயர் பொடி மட்டை. பிளாஸ்டிக் தடை 2019-இல்தான் வந்தது. மட்டை அதற்கு எத்தனையோ காலம் முந்தியது!

நிகோட்டின் என்பது ஓர் ஆளின் பெயர்! ழான் நிகோ. போர்ச்சுகலில் இருந்த பிரெஞ்சுத் தூதர். 1560-இல் புகையிலையைப் பாரீசுக்கு அனுப்பிவைத்தார், மருந்து என்று!

இத்தாலியில் பழைய புகையிலைக் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கும்? 'உப்பும் புகையிலையும்'! இரண்டும் அரசாங்கத்தின் ஏகபோகம். அதனால் ஒரே கடை. 1970-களில்தான் உப்பை விடுவித்தார்கள். நமக்கு உப்பும் புகையிலையும் ஒரே ஊரில் கிடைக்கும். வேதாரண்யம்! மணலில் புகையிலை, அளத்தில் உப்பு. 1930-இல் ராஜாஜி நடந்து வந்து உப்பள்ளிய ஊரும் அதுதான்!

இப்போது சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் தலை சுற்றும்!

பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. 300 அடி. ப்பூ, இதென்ன பெரிது என்கிறீர்களா? ஒரு புள்ளியை வைத்து 100 கஜத்துக்கு வட்டம் போடுங்கள். ஆறரை ஏக்கர் வருகிறது! தஞ்சாவூர்க் கணக்கில் ஏறக்குறைய ஒரு வேலி! ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேலி என்றால், பின்லே பள்ளிக்கு ஒன்று, தேசியப் பள்ளிக்கு ஒன்று என்று மன்னார்குடியில் எண்ணிக்கொண்டே போகலாம். புதிதாகக் கடை போட இடம் தேடுகிறவர் முதலில் டேப் வாங்க வேண்டும்!

18 வயது ஆகாத பையனுக்கு ஒரு சிகரெட் விற்றால் என்ன தண்டனை? 2003 புகையிலைச் சட்டப்படி 200 ரூபாய் வரை அபராதம். இவ்வளவுதானா என்கிறீர்களா? பொறுங்கள். அதே குற்றத்துக்கு 2015 சிறார் நீதிச் சட்டமும் இருக்கிறது. அதில் கடுங்காவல் 7 ஆண்டு வரை. அபராதம் 1 லட்சம் வரை! ஒரே சிகரெட், இரண்டு சட்டம், 500 மடங்கு வித்தியாசம்!

கர்நாடகத்தில் அந்த வயது 18 இல்லை. 21! ஓசூரில் வாங்க முடிகிற 19 வயதுப் பையன் அத்திப்பள்ளியில் வாங்க முடியாது!

அதைவிடப் பெரிய சேதி மாலத்தீவில். 2007 ஜனவரி 1-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு அங்கே சிகரெட் விற்கவே முடியாது. 60 வயது ஆனாலும் முடியாது! 2025 நவம்பர் 1 முதல் அமல். உலகத்திலேயே முதல் நாடு!

பூட்டான் 2004-இலேயே கடைகளில் விற்பனையை மொத்தமாக நிறுத்தியது. 2021-இல் தளர்த்திக்கொண்டது. தாக்குப்பிடித்தது 17 வருஷம்!

கடை முகப்பில் விளம்பரப் பலகை எவ்வளவு பெரிதாக வைக்கலாம்? 60-க்கு 45 சென்டிமீட்டர். அதிலும் பிராண்டு பெயர் கூடாது. படம் கூடாது. 'சிகரெட் கிடைக்கும்' என்று மட்டும் சொல்லலாம்! பக்கத்தில் 'சிறுவர்களுக்கு விற்பது குற்றம்' என்று இன்னொரு பலகை கட்டாயம். அது 60-க்கு 30. நாலடிக் கடையில் இரண்டும் மாட்டினால் கடைக்காரர் முகம் எங்கே தெரியும்?

சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் 85 சதவீதம். 2016 ஏப்ரல் முதல். கம்பெனி தன் பெயரைப் போட்டுக்கொள்ள மீதி 15! அந்தப் படம் இல்லாத ஃபாரின் சரக்கை விற்றால், முதல் தடவையே ஓராண்டு வரை உள்ளே இருக்கலாம்.

பெட்டியில் ஓர் எண் அச்சாகியிருப்பதைக் கவனித்தீர்களா? 1800-11-2356. விட நினைக்கிறவர்கள் கூப்பிட இலவச எண். 2018 செப்டம்பரிலிருந்து பெட்டிக்குப் பெட்டி இருக்கிறது. உதிரியாக ஒன்று வாங்குகிறவன் கண்ணில் படாத எண்ணும் அதுதான்!

உதிரி விற்பனைக்கே கர்நாடகம் 2017-இலும் மகாராஷ்டிரம் 2020-இலும் தடை போட்டுவிட்டன. பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். இங்கே அப்படி ஒரு தடை வந்தால்? பெட்டிக்கடைக்காரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்!

மின்சிகரெட் என்று ஏதாவது கேட்டு யாராவது வந்தால்? கையைக் கூப்புங்கள்! 2019 முதல் நாடு முழுக்கத் தடை. விற்றால் முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கடையில் வைத்திருந்தாலே 50,000 வரை!

குட்கா, பான் மசாலா? தமிழ்நாட்டில் 2013 மே மாதம் தடை போட்டார்கள். அந்த உத்தரவின் ஆயுள் ஒரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள்!

பெட்டிக்கடைக்கு விழுந்த பெரிய அடி எது தெரியுமா? புகையிலைச் சட்டம் என்று நினைத்தால் தப்பு. லாட்டரி! கொடி கட்டித் தொங்கிய சீட்டுகள் 2003 ஜனவரியில் ஒரே நாளில் மாயம். கயிறு மட்டும் மிச்சம். அதில்தான் இப்போது ஷாம்பு பாக்கெட் தொங்குகிறது. விலை 1 ரூபாய்!

புகையிலையால் இந்தியாவில் வருஷத்துக்கு 13.5 லட்சம் பேர் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,700. மன்னார்குடியின் மக்கள்தொகை, 2011 கணக்குப்படி, 66,999. வகுத்துப் பார்த்தேன். ஊர் முழுக்கக் காலியாக எத்தனை நாள் ஆகும்? 18. நம்ம கோபாலனின் பங்குனி பிரம்மோற்சவமும் அதே 18 நாள்!

புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அறிக்கை வெளியிட்டது 2004-இல். இதைப் படித்த அன்று நான் வெற்றிலைப் பெட்டியை மூடினேன். மறுநாள் திறந்துவிட்டேன். 24 மணி நேரம்!

டெல்டாவில் கடை வைக்க முதல் மூலதனம் எது? பணமா? ஒரு கோடு போட்ட நோட்டு! மேட்டூர் திறப்பது வழக்கப்படி ஜூன் 12. தண்ணீர் வந்து, நட்டு, அறுத்து, நெல் போட்டுக் காசு கைக்கு வரும் வரை நோட்டுதான் பேசும்.

"அண்ணே, ஒரு கட்டு பீடி, ரெண்டு பழம். நோட்டுல எழுதிக்குங்க. குறுவை அறுத்ததும் மொத்தமா குடுத்துடுறேன்."

"போன தாளடியே நிக்குது தம்பி!"

சொல்லிக்கொண்டே கை பழத்தைத் திருகும். பேனா காதிலிருந்து இறங்கும். காவிரியில் தண்ணீர் வராத வருஷம் நோட்டு தடிக்கும். வந்த வருஷம்? அப்போதும் தடிக்கும்!

கடைசியாக ஒன்று. பழைய பெட்டிக்கடைக்கு ஷட்டர் கிடையாது. பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையிலும் ஒரு எண் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? வரிசை மாறினால் பொருந்தாது! எங்கள் தெருமுனைக் கடைக்கு 9 பலகை. ராத்திரி பத்து மணிக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று சொருகிக்கொண்டே வருவார். எட்டு முடியும். ஒன்பதாம் பலகையைத் தூக்குவார். அந்த ஒரு சாண் இடைவெளியில் தெருவிலிருந்து ஒரு கை உள்ளே நீளும். "அண்ணே, ஒரு தீப்பெட்டி!" பலகையை இறக்கி வைப்பார். குனிந்து எடுத்துக் கொடுப்பார். அன்றைய கடைசி வியாபாரம், 2 ரூபாய்!